கொஞ்சம் தாமதமாக விழும் அடி

அரங்கின் ஒலிபெருக்கிகளிலிருந்து எங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு கொட்டிக்கொண்டிருக்கிறது, யாரோ என் முதுகில் தட்டி, டிரம்ஸ்ல பின்னிட்டீங்க ப்ரோ என்கிறார், நானும் சிரிக்கிறேன், அது என் கை இல்லை என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது, வெளியீட்டு விழாவில் சேர்ந்து கேட்கலாம் என்று எங்கள் குழுவை நடத்தும் கிட்டார்காரன் எட்வின் ஒலிப்பதிவை எங்கள் யாருக்கும் முன்பே கொடுக்கவில்லை. வருத்தம் என்று சொல்ல முடியாது, முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்டது போல இருக்கிறது. பெரம்பூரில் மாவு மில்லுக்கு மேலே இருந்த அறையில் வருடக்கணக்காக இந்தப் பாட்டை வாசித்தோம், கீழே மிளகாய் அரைக்கும்போதெல்லாம் எட்வின் கிட்டாரோடு தும்முவான், தும்மி முடித்து, மச்சி, ப்ளூஸ் மியூசிக்குன்னா அவசரப்படக் கூடாது, நீ கொஞ்சம் லேட்டா விழுற பாரு, அதான்டா நம்ம பாட்டு என்பான், அவன்தான் அப்படிச் சொன்னான், பிறகு ஒலிப்பதிவுக் கூடம் வந்தது, காதுக்குள் டிக் டிக் என்று வேகம் சொல்லும் கிளிக் எந்திரம் வந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்வினின் முகம் மாறிக்கொண்டே வந்தது, கிளிக்கோட போடா, பின்னாடியே நிக்கிற என்கிறான், நான் போகிறேன், அது முன்னால் போய்விடுகிறது, இரவில் கனவிலும் மின்சார ரயில் பெரம்பூரை விட்டு நகர்கிறது, நான் ஓடுகிறேன், வாசலில் நிற்கும் எட்வின் கையை நீட்டுகிறான், அல்லது இழுத்துக்கொள்கிறான், அங்கேகூட அது தெளிவாகவில்லை. விடு மச்சி, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம் என்று அனுப்பிவைத்தான், நானும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

சரி செய்தது கம்ப்யூட்டர் இல்லை, வேறொரு ஆள். மேடைக்குப் பின்னால் எட்வினைக் கேட்டேன், கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டே, கம்பெனிக்காரன் நீ வாசிச்சத ஒத்துக்கல மச்சி, ஆல்பம் அட்டைல உன் பேருதான் இருக்கு, இன்னிக்கு ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே வாசிச்சிடு, ஜனம் இனிமே அதத்தானே கேக்கும் என்றான், அதிலும் நியாயம் இருப்பதாகவே பட்டது, தலையாட்டினேன், என் மனைவி பிலோமினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறாள், கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பாட்டு மேஜையில் விரலால் தட்டுவதைத் திட்டிக்கொண்டே கேட்டவள், ஒலிபெருக்கியைக் கையால் காட்டி, ஏங்க, இது யாரு வாசிக்கிறது, நீங்க இல்லையே என்கிறாள், அவ்வளவுதான், எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒலிபெருக்கி அடங்குகிறது, விளக்கு எங்கள் மேல் விழுகிறது, அதே பாட்டை எட்வின் ஆரம்பிக்கிறான், அரங்கு முழுக்க ஆல்பத்தின் வேகத்துக்குக் கைதட்டுகிறது, நான் அந்தக் கைதட்டலைப் போகவிட்டு, அது போன பிறகு என் இடத்தில் அடிக்கிறேன், எட்வின் திரும்பி முறைக்கிறான், மறுபடியும் அப்படியே அடிக்கிறேன், முறைப்பு மாறவில்லை, தாளம் போடும் அவன் கால் மட்டும் என்னோடு விழுகிறது.