பவுடர் செய்த செருப்பு வியாபாரம்

செஞ்சி கடைத்தெருவில் சிங்காரவேலுவின் ஜவுளிக் கடைக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாயில் உட்கார முடியும். திரும்பி வரும்போது ஜோடியில் ஒன்று காணாமல் போயிருக்கும். அது பவுடரின் வாயில் இருக்கும்.

அந்த வெள்ளை நாயை பஸ் ஸ்டாண்டில் குட்டியாகக் கண்டு தூக்கி வந்தவள் சிங்காரவேலுவின் மகள் மதுமதி. ஏழாவது படிக்கிறாள். தூக்கி வந்தவள் என்பதால் நாய் செய்த பாவமெல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது.

"முகூர்த்த யாவாரம் வருது. இன்னொரு செருப்பு தொலஞ்சுதுன்னா இந்த நாய அனந்தபுரத்துக்கு ஏத்தி வுட்டுடுவேன். உங்க மாமன் மோட்டார் கொட்டாயில கட்டிப் போடட்டும்" என்றார் சிங்காரவேலு.

மாமா வீட்டுச் சங்கிலியை மதுமதி பார்த்திருக்கிறாள். கட்டிய நாயை அவர் அவிழ்த்து அவள் பார்த்ததில்லை.

"நான் பழக்கிடுறேன் நைனா" என்றாள், சில வீடியோக்களைப் பார்த்து நாய் வித்தை முழுவதையும் கற்றுவிட்ட தைரியத்தில்.

வீடியோ நாய்கள் இங்கிலீஷுக்குத்தான் கீழ்ப்படிந்தன என்பதால் அவளும் "சிட்" என்றாள். பவுடர் நின்றது. புரியவில்லை போலிருக்கிறது என்று தானே தரையில் உட்கார்ந்து காட்டினாள். பவுடர் அவள் மடியில் ஏறிக்கொண்டது. பக்கத்துப் பாத்திரக் கடைப் பெண் நிலா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, நல்லாதான் உக்கார்ற. நாய் எப்ப உக்காரும்?"

மதுமதி பாடத்தை மாற்றினாள். எடுத்த செருப்பைக் கொண்டுவந்து கீழே வைத்தால் ஒரு பிஸ்கட். பவுடர் உடனே வைத்தது. பிஸ்கட் கொடுத்தாள். கூடவே கொசுறாக இன்னொரு துண்டு. ரவிக்கைத் துணி வாங்குகிறவர்களுக்குக்கூட ஒரு கைக்குட்டை போடாமல் அனுப்பாத கடையில் வளர்ந்தவளுக்குக் கை சும்மா இருக்குமா?

பவுடருக்கு வியாபாரம் பிடிபட்டுவிட்டது. இடது செருப்பைக் கொடுத்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வலதுக்குப் போனது. ஜோடியாக மட்டும் ஒருநாளும் கொண்டுவரவில்லை. சில்லறையில் லாபம் அதிகம் என்று கண்டுகொண்டிருந்தது. "எடுத்தாலும் திருப்பிக் குடுத்துடுது நைனா" என்று மதுமதி வீட்டில் பெருமை பேசினாள். முன்பைவிட ஏன் அதிகமாக எடுக்கிறது என்ற கேள்வி அந்தப் பெரிய பயிற்சியாளருக்குத் தோன்றவில்லை.

கல்யாணப் புடவை எடுக்க வல்லத்திலிருந்து குஞ்சம்மாள் ஒரு வேன் நிறைய உறவினர்களோடு வந்து இறங்கினாள். மதுமதி பின்வாசலில் பிஸ்கட் பாக்கெட்டோடு தயாராக இருந்தாள். ஒரு ரப்பர் செருப்பு வந்தது. "சமத்து" என்று கொடுத்தாள். குதிகால் செருப்பு ஒன்று வந்தது. கொடுத்தாள். ஆண்கள் செருப்பு வந்தது, குழந்தையின் செருப்பு வந்தது; கொடுத்துக்கொண்டே இருந்தாள். பாக்கெட் காலியானதும் பவுடர், யாரும் சொல்லாமலே, வீடியோ நாயைப் போல அழகாக உட்கார்ந்து பாக்கியைக் கேட்டுக் குரைத்தது.

எதிரே செருப்புக் குவியல். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"செருப்ப எவன்யா எடுத்தான்?" என்று முன்கடையில் கூச்சல் கிளம்பியது.

"நாளைக்கே அனந்தபுரம் பஸ்சுல ஏத்துறேன்" என்று சிங்காரவேலு கத்தினார்.

நாய் செய்தது என்று சும்மா இருந்தால் அவள் மானம் தப்பும். பவுடர் சங்கிலிக்குப் போகும். செருப்புகளை வாரிக்கொண்டு எல்லோர் முன்னாலும் போய் நின்றாள்.

"அது மேல தப்பில்ல நைனா. நான்தான் பிஸ்கட் குடுத்து செருப்பு வாங்கிக்கினு இருந்தேன். பழக்குறேன்னு நெனச்சிக்கினு."

குஞ்சம்மாள்தான் முதலில் சிரித்தாள். "யோவ் முதலாளி, புது பொடவைக்கு நீ எறங்கி வரமாட்ற. உம் பொண்ணு பழைய செருப்புக்கே பிஸ்கட்ட அள்ளிக் குடுத்து வாங்கிக்கினு இருக்குது!"

கடையே சிரித்தது. கறாரான வியாபாரி என்று பெயரெடுத்த சிங்காரவேலு வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டார்.

"நாய் இருக்கட்டும். முகூர்த்தம் முடியிற வரைக்கும் நீ வாசல்ல குந்தி செருப்பப் பாத்துக்க. நாய்க்கு ஒரு தூள்கூட குடுக்கக் கூடாது."

மதுமதி மண்டியிட்டு ஒவ்வொரு காலுக்கும் ஜோடி சேர்த்தாள். வேன் கிளம்பிய பிறகும் ஒரு தோல் செருப்பு மீந்தது. வல்லத்துக்காரர்கள் யாருடையதும் இல்லை. பவுடர் மற்றக் கடைகளிலும் கொள்முதல் செய்திருக்கிறது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இது உங்களுதா?" என்று கடை கடையாக ஏறி இறங்கினாள். பவுடர் அதைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டே கூடவே வந்தது.