இமையில் வைத்துப் பார்த்த பிரஷ்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் ஏணிமேல் நின்று சொன்னது. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “எழுதிக்குங்க அக்கா. ஆனா அதுல அவளை அழ வச்சுடாதீங்க” என்றார்.

எழுதி அடித்த தொடக்கங்கள்:

கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டதும் அவள் உடைந்துபோய்— (இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

மேக்கப் பிரஷ் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது— (பத்திரிகைத் துணுக்கு. ஆனாலும் பின்னால் தேவைப்படும்.)

சரி, நேராகவே சொல்கிறேன். பெயிண்டரின் மனைவிக்கு டிக்கெட் கவுண்ட்டரில் வேலை. சில மாதம் முன்பு குக்கர் ஆவி அடித்து இடது கன்னம் வெந்துவிட்டது. புண் ஆறிவிட்டது, மேக்கப் போடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். தழும்புதான் போகவில்லை. வரிசையில் வருகிற ஒவ்வொருவரும் “முகத்துல என்னம்மா?” என்று கேட்பார்களே, அதற்குத்தான் பயந்தார். தழும்பை மறைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்ப அவருக்கு ஒரு பிரஷ் வேண்டியிருந்தது.

“பிரஷ்தானே? என்கிட்ட விடு” என்றாராம் பெயிண்டர். இருபது வருஷம் பிரஷ் பிடித்த மனிதர் வேறென்ன சொல்வார்!

2

கடைப் பெண் பன்னிரண்டு பிரஷ் உள்ள பெட்டியை எடுத்து வைத்தாள்.

“ஒரு கன்னத்துக்கு எதுக்கும்மா பன்னெண்டு? நல்லதா ஒண்ணு குடு, போதும்.”

கொடுத்ததை வாங்கி முடியைப் பிடித்து இழுத்தார்.

“அண்ணே, பிய்க்காதீங்க!”

“இப்பவே உதிர்ந்தா நாளைக்கு முகத்துல ஒட்டும்ல?”

காம்பும் முடியும் சேருகிற தகரப் பட்டையை ஆட்டிப் பார்த்தார். ஆடினதை ஒதுக்கினார். (துணுக்கு இங்கேதான்: அவர் செய்ததை அப்படியே செய்யுங்கள். செயற்கை முடியே போதும். விலை குறைவு, சோப்புப் போட்டு அலசவும் சுலபம்.)

எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் மெத்தென்று இருந்த பிரஷ்ஷையெல்லாம் “தொளதொளன்னு இருக்கு, பெயிண்ட் நிக்காது” என்று தள்ளிவிட்டு, விறைப்பான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சுவருக்கு அதுதான் சரி.

3

ஒரு வாரம் வீட்டில் பூசிப் பழகியிருக்கிறார் அந்த அம்மா. தினமும் இவர் கேட்பார்: “குத்துதா?”

“இல்ல.”

எட்டாம் நாள் தழும்பைச் சுற்றிச் சிவந்து கிடந்ததை இவரே பார்த்துவிட்டார். “ஏன்டி சொல்லல?”

“நீங்க பாத்துப் பாத்து வாங்கினது.”

இந்த இடத்தில் எனக்குப் பெயிண்டர்மேல் சந்தேகம் வந்தது. ஒரு வாரம் வலியை வாய்க்குள் வைத்துக்கொள்கிற பெண்ணை இந்தக் காலத்தில் யார் நம்புவார்கள்? வாயாடியாக மாற்றி ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போது காது வலித்தது. இந்த மூக்குக்கண்ணாடி என் வீட்டுக்காரர் ஆசையாகத் தேர்ந்தெடுத்தது. நான்கு வருஷமாகக் காதை அழுத்துகிறது. நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

4

நேற்று அதே கடைக்கு என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். கடைப் பெண் அவரைக் கண்டதும் பிரஷ்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு மனமிரங்கி, தொட்டுப் பார்க்க வைத்திருந்த இரண்டை மட்டும் நீட்டினாள். “புறங்கையில தேய்ச்சுப் பாருங்கண்ணே.”

தேய்த்தார். “ஒண்ணுமே தெரியலையே. தின்னரும் உப்புத்தாளும் பட்டுப் பட்டுக் கை மரத்துப் போச்சு.”

கன்னத்தில் வைத்தார். அங்கே முள்தாடி. சற்று யோசித்துவிட்டுக் கண்ணை மூடி இமைமேல் வைத்தார்.

“இங்க மட்டுந்தான் அக்கா பெயிண்ட் படாம பாத்துக்கிட்டேன்.”

கடைப் பெண் சிரிக்கவில்லை. முதல் பிரஷ், இரண்டாவது, திரும்பவும் முதல் என்று மாறி மாறி வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இரண்டில் விலை குறைந்ததைத்தான் எடுத்தார். அதுதான் மெத்தென்று இருந்ததாம்.

5

இன்று திங்கட்கிழமை. நோட்டில் இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் தழும்பு மறைகிறது. இன்னொன்றில் அந்த அம்மா எதையும் மறைக்காமல் நிமிர்ந்து வேலைக்குப் போகிறார். (இது எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும். கவுண்ட்டரில் உட்காருகிறவர் அவர் அல்லவா?)

பெயிண்டர் வந்து ஏணியை விரித்தார்.

“வேலைக்குப் போயிட்டாங்களா?”

“போயிட்டா. நான்தான் பூசி விட்டேன்.” டப்பாவில் தோய்த்த பிரஷ்ஷைச் சுவரில் வைக்காமல் நின்றார். “‘குத்துதா’ன்னு கேட்டேன். ‘இல்ல’ன்னா.”

“அப்புறம் என்ன?”

“போன தடவையும் அதேதானே சொன்னா? சுவருன்னா தடவிப் பாத்தே சொல்லிடுவேன். நீங்க எழுதுறவங்க, சொல்லுங்க. இந்த ‘இல்ல’ நிஜமா அக்கா?”

என் கை தானாகக் காதுக்குப் போனது. இரண்டு முடிவுகளையும் அடித்துவிட்டேன்.

நீங்களும் யாரிடமாவது இப்படி ஒரு ‘இல்ல’ சொல்லியிருப்பீர்கள். அதனால் நீங்களே சொல்லுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். சாயங்காலம்வரை அவர் இங்கேதான் இருப்பார்.

எழுதும்போது ஒன்று. அவளை அழ வைத்துவிடாதீர்கள். இவரையும்தான்.