மூன்றாவது கண்

விடிந்தும் விடியாத ஜனவரிக் குளிரில், நான்காம் எண் ரயில் எஞ்சினின் அடுப்புக்குள் ஃபயர்மேன் சைலஸ் மேடாக் நிலக்கரியை வாரி வாரி எறிந்துகொண்டிருந்தான். முதுகு உறைந்தது, முகம் வெந்தது. நீராவி ஏறியதும் பாய்லரின் தண்ணீர்மட்டம் காட்டும் கண்ணாடிக்குழாய் வெடித்தது. சில்லும் கொதிநீரும் அவன் வலக்கண்ணில் பாய்ந்தன. டிரைவர் ஈனக் டிரான்டர்தான் குழாயை அடைத்து, அவனைத் தோளில் தூக்கி இறக்கினார்.

ஒரே வரைபடத்தில் செய்த பத்து எஞ்சின்கள் அவை. ஆறாம் எண் என்னுடையது. எதிலும் அந்தக் குழாய்க்குச் சில்லைத் தடுக்கும் காப்பு கிடையாது. ஒன்றரை வருஷத்தில் எங்கள் யார்க்ஷயர் ஷெட்டில் இது மூன்றாவது கண்.

ஃபோர்மேன் பிளாக்கெட் அன்றே ஈனக்கிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். "சைலஸோட கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடு."

"அவன்மேல தப்பில்லீங்க."

"அப்ப டிரைவர்மேலயா?"

இருபத்தாறு வருஷ வேலை ஈனக்கின் கண்முன் வந்து நின்றது. போட்டுவிட்டார்.

மறுநாள் அவர் சைலஸ் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி கெஸையா பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வேலை போயிற்று, சனிக்கிழமைக்குள் கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"வாங்கண்ணே. ஃபோர்மேன் காட்டின காகிதத்துல உங்க கையெழுத்தைப் பாத்தேன். அழகா இருந்துச்சு" என்றாள்.

கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பி சைலஸ் கேட்டான்: "அண்ணே, கொதிதண்ணி உங்கமேல படலியே?"

ஈனக் உட்காரவில்லை. நேரே ஷெட்டுக்கு வந்து எங்கள் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னார்.

"எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து அழுவுறியா?" என்று சீறினான் டிரைவர் ஹாப்டே.

"அழ வரலடா. அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கேக்கப் போறேன். தனியாப் போகப் பயமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நான் எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தேன். ஹாப்டேயும் எழுந்தான். பத்து டிரைவர்களும் ஃபோர்மேன் அறைக்குப் போய், காகிதத்தைத் தராவிட்டால் வண்டி ஓடாது என்றோம்.

"பத்து வண்டியும் நின்னா என்ன ஆகும் தெரியுமா?" பிளாக்கெட் கத்தினார்.

"தெரிஞ்சுதான் பத்து டிரைவரும் வந்திருக்கோம்" என்றார் ஈனக். "குழாய்க்குக் காப்புப் போடுங்க. சைலஸ் வீட்டைத் தொடாதீங்க."

"உங்க எல்லாரையும் தெருவுல நிறுத்திடுவேன்!"

காகிதம் அவர் மேசைக்குள் பூட்டப்பட்டது. நாங்கள் பத்து அடுப்புகளின் தீயையும் வாரிக் கொட்டிவிட்டு வெளியேறினோம்.

சனிக்கிழமை காலை, வீட்டுச் சாமானை ஏற்றிப்போகக் கம்பெனியின் குதிரைவண்டி இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தது. வாசற்படியிலும் தெருவிலும் நாங்களும் எங்கள் ஃபயர்மேன்களும் உட்கார்ந்திருந்தோம். கெஸையா தேநீர் கொண்டுவந்தாள். கோப்பைகள் போதவில்லை. ஈனக்கும் ஹாப்டேயும் ஒரே கோப்பையில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். வண்டிக்காரன் எங்களைப் பார்த்தான், போலீஸ்காரர்களைப் பார்த்தான்; பிறகு இறங்கி, வீட்டுப் பக்கம் வராமல் குதிரைக்குத் தீனிப்பையை மாட்டினான்.