பதிவேட்டில் சிவப்பு மை

“ரெண்டு வரி லெட்டர்மா. கால் சுளுக்கு, இன்னிக்கு பி.டி. பீரியட்ல விளையாட முடியாது. அதுக்கு இவ்ளோ நேரமா?” என்றாள் மகள், வாசலில் ஒற்றைக் காலில் நின்று செருப்பை மாட்டியபடி.

கடிதம் எழுத உட்கார்ந்த அவள் மூன்றாவது தாளை எடுத்திருந்தாள். முதல் தாளில் தேதி போட மறந்துவிட்டாள், கிழித்தாள். இரண்டாவதில் ‘இன்று மட்டும்’ என்று எழுதினாள். எந்த இன்று என்று யாராவது கேட்டால்? அதையும் கிழித்தாள். மூன்றாவதில் தேதியை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, ‘நாளை முதல் விளையாடுவாள்’ என்று சேர்த்து, கீழே இரண்டு கோடு இழுத்தாள்.

“என்னம்மா, செக்கா எழுதறே?”

“கொண்டு போய்க் குடு. தேதியைப் பார்க்கச் சொல்லு.”

மகள் கிளம்பிப் போனாள். அவளும் வேலைக்குப் போனாள். பல் செட் செய்யும் கூடம் அது. யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லை மெழுகில் செதுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய எரிச்சல் மீண்டும் தலைதூக்கியது.

அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒருமுறை காய்ச்சல் வந்தது. ‘என் மகளுக்கு உடம்பு சரியில்லை. விளையாட விட வேண்டாம்’ என்று அம்மா முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள். தேதி மட்டும் போடவில்லை. பி.டி. மாஸ்டர் வாயால் பேசியதைவிட விசிலால் பேசியதே அதிகம் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விசில். அவர் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘விளையாடக் கூடாது’ என்று குறித்துக்கொண்டார். காய்ச்சல் மூன்றே நாளில் போய்விட்டது. ஆனால் விசில் ஒவ்வொரு வருடமும் பழைய பதிவேட்டைப் பார்த்துத்தான் புதியதை எழுதுவார். பெயரோடு சிவப்பு மையும் மூன்றாம் வகுப்புக்குப் போனது, நான்காம் வகுப்புக்கும் போனது.

நான்காம் வகுப்பில், மகள் இப்போது விளையாடலாம் என்று அம்மா இன்னொரு கடிதம் எழுதினாள். விசில் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அம்மா சொன்னா ஆச்சா? டாக்டர் எழுதணும். நாளைக்கு நீ மயங்கி விழுந்தா என் தலைதானே உருளும்?”

டாக்டரிடம் போனார்கள். அவர் அவளுடைய நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

“பொண்ணுக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றாள் அம்மா.

“ஒண்ணும் இல்லாததுக்கு நான் என்னன்னு எழுதறது? எந்த வியாதி குணமாச்சுன்னு எழுதணும்ல?”

வெளியே வந்ததும் அம்மா கை கழுவிவிட்டாள். “விடுடி. வெயில்ல ஓடி என்ன கிழிக்கப் போறே? மத்த பிள்ளைங்க கருகுதுங்க, நீ நிழல்ல உக்காந்திருக்கே. சந்தோஷப்படு.”

நிழலில் ஒரு பெஞ்சு இருந்தது. அதனால் அவளுக்குப் பெஞ்சு என்றே பெயர். “ஏ பெஞ்சு, என் கண்ணாடியைப் பிடி”, “ஏ பெஞ்சு, என் கிளிப்பைப் பத்திரமா வை.” மடி நிறைய அடுத்தவர் சாமான்கள். ஆறாம் வகுப்பில் விசில் அவள் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார். யார் எத்தனை நொடியில் நூறு மீட்டர் ஓடுகிறார்கள் என்பது அதற்குப் பிறகு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வகுப்பிலேயே வேகமானவள் நெட்டச்சி; பதினைந்து புள்ளி ஆறு. அடுத்த வீட்டுக்காரி. காலையில் பஸ்ஸைப் பிடிக்க இருவரும் ஓடும்போது தினமும் பின்தங்குவது நெட்டச்சிதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எட்டாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிகிறது. அந்தக் கடைசி வருடம் தொடர் ஓட்டத்துக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்த நாளில் மூன்று பேர் தேறிவிட்டார்கள். நாலாவது இடத்துக்கு ஆளில்லாமல் விசில் மோவாயைச் சொறிந்துகொண்டிருந்தார். அவள் எழுந்தாள். மடியில் இருந்த கண்ணாடி, கிளிப் எல்லாவற்றையும் பெஞ்சில் கொட்டினாள். கோட்டில் போய் நின்று, கையிலிருந்த ஸ்டாப்வாட்சை அவளே அமுக்கிவிட்டு ஓடினாள். மறுகோட்டைத் தாண்டி அவளே நிறுத்தினாள்.

“சார், பதினஞ்சு புள்ளி ஒண்ணு.”

“யாரு டைம் பார்த்தது?”

“நான்தான் சார்.”

“ஓடறவளே டைம் பார்த்தா செல்லுமா?”

“அப்ப நீங்க பாருங்க சார். இன்னொரு தடவை ஓடறேன்.”

“உனக்குத்தான் உடம்பு சரியில்லையே. போ, போய் உக்காரு” என்று விசிலை ஊதினார்.

பதினேழரை நொடிக்காரி ஒருத்தி நாலாவதாகப் போனாள். போட்டியன்று முடிவுக்கோட்டில் வாட்சோடு நின்றது பெஞ்சுதான். அவர்கள் மூன்றாவதாக வந்தார்கள். அந்த நொடிக் கணக்கையும் அவளே உரக்கப் படிக்க வேண்டியிருந்தது.

மெழுகுக் கடைவாய்ப் பல் கோணலாகிவிட்டது. உருக்கி மறுபடி ஆரம்பித்தாள்.

மாலை ஐந்தேகாலுக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது மகள் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். சுளுக்கு வீக்கம் வடிந்திருந்தது.

“லெட்டர் குடுத்தியா?”

“குடுத்தேன். பி.டி. மிஸ் ரொம்ப நல்லவங்கம்மா. பிரிச்சுக்கூடப் பார்க்கல. ‘காலா? சரி, சரி’ன்னு ஃபைல்ல வெச்சுட்டு, என் பேரை லிஸ்ட்ல எழுதிக்கிட்டாங்க.”

“எந்த லிஸ்ட்ல?”

“விளையாடாதவங்க லிஸ்ட். இனிமே ஜாலிதான். ஸ்டாப்வாட்சை என்கிட்டயே குடுத்துட்டாங்க, பாரேன்!”

மகள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அது தொங்கியது. அவள் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“ஸ்கூல் ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும்?”

“அஞ்சரை. ஏம்மா? அம்மா! நாளைக்குப் பார்த்துக்கலாம்மா!”

அவள் அதற்குள் படிகளில் இறங்கிவிட்டாள். தெருமுனை வரை வேகமாக நடந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். சைக்கிளில் வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். பள்ளி வாசலில் காவலாளி கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். வியர்த்து ஒழுகி, வெறுங்காலோடு வந்து நின்றவளைப் பார்த்துப் பதறிப்போனார்.

“என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல” என்றாள், மூச்சிரைக்க. “அதைச் சொல்லத்தான் வந்தேன். கதவைத் திறங்க.”