எழுபது மீட்டர் வெள்ளி

கிளாங்கில் ஒரு கிறிஸ்துமஸ் மரத்தைக் காவடியாக்கியவன் நான். வேண்டுமென்றே செய்யவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது.

ரோஸ், கிளிப்பச்சை, காவி என்று மூன்று நிறத்தில் எழுபது மீட்டர் ஜிகினாச் சரம். ஏணி போட்டு, கீழிருந்து உச்சி வரை, ஊசி நுழைய இடமில்லாமல் நானே சுற்றினேன். தைப்பூசத்துக்கு வந்த சரக்கு என்பதால் முழத்துக்கு ஒரு குட்டி மணி வேறு. மறுநாள் சனிக்கிழமை காலை பாட்டுப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் தேவாலய மண்டபத்தின் கதவைத் திறந்திருக்கிறார்கள். காற்று உள்ளே போயிருக்கிறது. மரம் குலுங்கியிருக்கிறது. முன்னால் நின்ற ஒரு சிறுமி, "வேல் வேல்" என்றாளாம்.

இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் புனிதா டீச்சர். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பு ஆசிரியை. அந்தத் தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் அலங்காரம் முழுக்க அவர் பொறுப்பு.

"யுகேந்திரன், நான் என்ன கேட்டேன்?"

"ஜிகினா கேட்டீங்க டீச்சர்."

"எவ்வளவு?"

"எழுபது மீட்டர்."

"அப்புறம்?"

"வெள்ளின்னு சொன்னீங்க. அதான் நேத்து வெள்ளிக்கிழமையே கொண்டாந்து கட்டிட்டேன். ஒரு நாள்கூட லேட் இல்ல."

அந்தப் பக்கம் மரத்தின் மணிச் சத்தம் கேட்டது.

"வெள்ளி கலர், யுகேந்திரன்."

டீச்சர் அனுப்பியிருந்த குரல் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். 'எழுபது மீட்டர் ஜிகினா வேணும். வெள்ளி. மறந்துடாதீங்க லா.' நான் மறக்கவில்லை. அதுதான் இதில் வருத்தம். கடை முதலாளி மூசா அண்ணனுக்கும் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டு, "எத்தனை வெள்ளின்னு சொல்லாம விட்டுட்டாங்களே தம்பி" என்றார். அவருக்கு வெள்ளி என்றால் ரிங்கிட், எங்கள் மலேசியக் காசு. வேறெந்த ஊரிலும் தமிழனுக்கு இந்த ஒரு சொல்லில் இரண்டு குழப்பம்தான் இருக்கும். நமக்கு மூன்று.

மூசா அண்ணனுக்குத் தலைநகரின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு அலங்காரப் பொருள் கடை, கிளாங்கில் ஒரு கிளை. கிளையில் நான் இருக்கிறேன். எங்கள் ஜிகினாவுக்கு மதம் கிடையாது. அக்டோபரில் பெட்டியின் மேல் தீபாவளி ஸ்டிக்கர், நவம்பரில் அதை உரித்துவிட்டு கிறிஸ்துமஸ் ஸ்டிக்கர், அப்புறம் சீனப் புத்தாண்டு, தைப்பூசம், கல்யாணக் கார். ஸ்டிக்கர் உரிப்பதில் எனக்கு இருபது வருட அனுபவம். வயது நாற்பத்து நான்கு. வீட்டில் ஒற்றை ஆள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மாற்றுவதற்காகத்தான் ஆகஸ்டு மாதத்திலிருந்து புனிதா டீச்சரிடம் முயற்சி செய்துகொண்டிருந்தேன். அவர் கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் தோரணம் வாங்க வந்தபோது பழக்கம். நான் சொல்லும் நகைச்சுவைக்கு அவர் சிரிப்பதில்லை. "இதுல எழுவாய் எங்க?" என்று கேட்பார். அதிலேயே நான் விழுந்துவிட்டேன்.

முதல் முறை, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் கேட்டேன். "டீச்சர், ரெண்டு பேருக்கும் ஒரே இலையா போட்டா கடைக்காரருக்கு ஒரு இலை மிச்சம்." அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு, "பார்ப்போம்" என்றார்.

இரண்டாம் முறை செப்டம்பரில். "என் வீட்டு ஐஸ்பெட்டி ரொம்பப் பெரிசு டீச்சர். ஒருத்தனுக்கு அதிகம்." அந்தக் காலத்தில் ஐஸ்கட்டி கப்பலில் வந்திறங்கிய வரலாற்றை அவர் சொன்னார். இருபது நிமிடம். நன்றாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு மறுநாள் மூன்றாம் முறை. "என் காரில் இடது பக்க சீட்டு புதுசாவே இருக்கு." "நல்லது, அப்படியே வச்சுக்குங்க" என்றார்.

மலேசியாவில் 'பார்ப்போம்' என்பதற்கு என்ன பொருள் என்று கண்டுபிடித்தவர் இல்லை. முடியாது என்றும் வைத்துக்கொள்ளலாம், மழை வந்தால் பார்க்கலாம் என்றும் வைத்துக்கொள்ளலாம். நான் பத்துமலை முருகன் கோயில்காரன், அவர் தேவாலயத்துக்காரர், அதனால் இழுக்கிறாரோ என்று நினைத்தேன். அல்லது என் முகம். இந்த நிலையில்தான் அவர் மரத்துக்குக் காவடி கட்டினேன்.

அன்றைக்கே மண்டபத்துக்கு ஓடினேன். டீச்சர் மரத்தின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கோபமா டீச்சர்?"

"நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெர்மனியில இதை அசல் வெள்ளியிலதான் செஞ்சாங்க."

"எதை?"

"ஜிகினாவை. வெள்ளியைத் தகடா அடிச்சு, முடி மாதிரி நறுக்கி மரத்துல தொங்கவிடுவாங்க. மெழுகுவத்தி ஒன்னு எரிஞ்சா ரெண்டா தெரியும். அதுக்குத்தான் ஜிகினா. சும்மா மினுக்கறதுக்கு இல்ல." அவர் மரத்தைப் பார்த்தார். "கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி லைட்டை எல்லாம் அணைச்சிட்டு மெழுகுவத்தி மட்டும் வச்சுப் பாடப்போறோம். ரோஸ் கலர்ல மெழுகுவத்தி என்னத்தைத் தெரியும்?"

"அப்போ கோபம்தானா?"

"ஆனா வெள்ளியில ஒரு தொல்லை. மெழுகுவத்திப் புகை பட்டா கறுத்துப் போயிடும்."

கோபமா என்பது தெரியவில்லை. ஜெர்மனியைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

கிளாங்கில் வெள்ளி ஜிகினா முழத்துக்குக்கூடக் கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அதைத் தேடுகிறவன் நான் ஒருவன்தான் என்று கடைக்காரர்கள் முகத்தில் தெரிந்தது. திங்கட்கிழமை மஸ்ஜித் இந்தியாவுக்குப் போய் மூசா அண்ணன் கடையின் மாடிக் கிடங்கை ஒரு மணி நேரம் குடைந்தேன். அட்டைப் பெட்டி ஒன்று அகப்பட்டது. உள்ளே நூல் நூலாக வெள்ளித் தகடு. கையில் கனமாக இருந்தது.

"அண்ணே, இது என்னண்ணே?"

"எங்க அத்தா காலத்து சரக்கு. விக்கவே இல்ல. உனக்கு அதிர்ஷ்டம், கொண்டு போ."

நேராக மண்டபத்துக்கு, டீச்சரிடம் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து காட்டினேன். முகத்தில் பெருமையைச் சரியான அளவில் வைத்துக்கொண்டேன். அவர் ஒரு இழையை எடுத்து வளைத்தார். வளைந்தது, வளைந்தபடியே இருந்தது.

"இது ஈயம்."

"வெள்ளி கலர்தானே டீச்சர்?"

"ஈயம், யுகேந்திரன். வெள்ளி கறுக்குதுன்னு மத்த உலோகத்துக்கெல்லாம் போய்ப் பார்த்து, கடைசியில ஈயத்துக்கு வந்தாங்க. கனமா, நேரா தொங்கும். அழகுதான். பிள்ளைங்க வாயில வச்சா விஷம்னு அமெரிக்காவுல எழுபதுகள் தொடக்கத்துல நிறுத்தச் சொன்னாங்க. அப்புறம்தான் பிளாஸ்டிக்." அவர் பெட்டியை மூடினார். "இருபத்து மூணு பிள்ளைங்க இந்த மரத்துக்குக் கீழ நிக்கப் போறாங்க. கை கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தேன். முதலில் தேவாலய மண்டபத்தைக் காவடி மடமாக்கினேன், பிறகு அங்கே விஷம் கொண்டுவந்தேன். மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் இதற்கு என்ன மதிப்பெண் போடுவார்கள் என்று தெரியவில்லை.

"டீச்சர், நான் வந்து... என் விஷயம் ஏதாவது யோசிச்சீங்களா?"

"எந்த விஷயம்?"

"அதான். ஐஸ்பெட்டி."

"பார்ப்போம்" என்றார்.

அன்று மாலை பக்கத்து ஊர் மேருவில் இருக்கும் வேலாயுதத்துக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூட நண்பன். பலகாரப் பொட்டலம் அச்சடிக்கும் ஒரு சிறு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறான். பொட்டலத்தின் உள்பக்கம் வெள்ளியாகப் பளபளப்பது நினைவுக்கு வந்திருந்தது.

"ரோல் இருக்குடா" என்றான். "வேணாம்னு தள்ளி வச்சது. புதுசு, வாயில வச்சாக்கூட ஒன்னும் ஆவாது. முறுக்குப் பாக்கெட்டு."

"ஏன் தள்ளிட்டாங்க?"

"எனக்கென்ன தெரியும். ஆபீஸ்ல யாரோ பார்த்துட்டுக் கத்தினாங்க. லோரியில ஏத்தி வைக்கிறேன், வந்து எடுத்துக்க."

செவ்வாய்க்கிழமை மதியம் ரோலைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வெள்ளி. டீச்சர் விரலால் தடவிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் கன்னத்தில் போய் விழுந்தது. நான்கு நாளில் முதல் தடவையாக அவர் முகம் இளகியது. பிறகு ரோலைத் திருப்பினார்.

வெளிப்பக்கம் முழுக்க, சிவப்பில், சாண் அளவு எழுத்தில், வரிசை வரிசையாக அச்சாகியிருந்தது: 'மொறு மொறு முருக்கு'.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வல்லின று" என்றார் மெதுவாக.

தொழிற்சாலையில் யார் கத்தினார்கள் என்று இப்போது புரிந்தது. டீச்சரின் பழைய மாணவி யாராவதாக இருக்க வேண்டும்.

"வேண்டாமா டீச்சர்? திருப்பிக் குடுத்துடவா?"

"கத்தரிக்கோல் எடுங்க. எந்த எழுத்துன்னு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மெல்லிசா நறுக்கணும்."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து நறுக்கினோம். நான் நறுக்கியதில் சில இடத்தில் 'ரு' முழுசாகத் தெரிந்தது. அவர் அதை வாங்கி மறுபடி நறுக்கினார். காவடிச் சரங்களைக் கழற்றி மூலையில் குவித்திருந்தோம். யார் காலாவது பட்டால் அது மணியடித்தது. வெள்ளி இழைகளைக் கொத்துக் கொத்தாக மரத்தில் போட்டபோது மின்விசிறிக் காற்றில் அவை திரும்பித் திரும்பி மினுங்கின. நடுநடுவே ஒரு கணம் சிவப்பு. அழகாகத்தான் இருந்தது. டீச்சர் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, மரத்துக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்தார். ஒன்று எரிந்தது. ஏழெட்டுத் தெரிந்தது.

நான் வாயைத் திறந்தேன். "டீச்சர், என் வீட்டிலயும் ஒரு மெழுகுவத்திதான் இருக்கு..."

"போதும்" என்றார். "ஆகஸ்டுலேர்ந்து இலை கேட்டீங்க, ஐஸ்பெட்டி கேட்டீங்க, காரு சீட்டு கேட்டீங்க. இப்போ மெழுகுவத்தி. கேள்வியே ஒழுங்கா இல்லன்னா நான் எதுக்கு மார்க் போடறது?"

இருபது வருடமாக ஸ்டிக்கர் உரிக்கிறவன், என் மேல் இருந்ததை உரிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன். உள்ளங்கை வேர்த்து வெள்ளி இழைகள் ஒட்டிக்கொண்டன. சொல்வதற்கு வேடிக்கையாக ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைத்தது. விழுங்கிவிட்டேன்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா டீச்சர்?"

அவர் என் கையில் ஒட்டியிருந்த இழையைப் பிய்த்து மரத்தில் போட்டார்.

"வெள்ளி" என்றார்.

இந்த முறை கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது. "கலரா, கிழமையா?"

"கிழமை. இந்த வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளி. ஜனவரி ரெண்டு. காலையில ஒன்பது மணிக்குப் பதிவு ஆபீஸ்ல ஃபாரம் குடுக்கணும், ஐசி கார்டு எடுத்துக்கிட்டு வாங்க." ஜன்னல் திரையை விலக்கினார். "உங்களை நம்ப முடியாது, தெளிவாவே சொல்லிடறேன். ஆமா, யுகேந்திரன். பண்ணிக்கிறேன்."