காகிதத்தில் செலவான பதினொன்று

போன நவம்பரில் ஆர்லீன் சுட்ட எல்க் மானை மூன்றாம் நாள் காக்கைகள்தான் கண்டுபிடித்தன. குண்டு வயிற்றில் பட்டிருந்தது. அவளும் அண்ணன் வெர்னும் இரண்டு நாள் பனியில் ரத்தத் துளிகளைத் தேடி நடந்து, முகட்டுக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் தடத்தைத் தொலைத்திருந்தார்கள். ஒரு குடும்பம் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டிருக்கக்கூடிய இறைச்சி, ஒரு வாய்க்குக்கூட உதவாமல் கெட்டுக் கிடந்தது.

மொன்டானாவின் அந்தச் சிற்றூரில் இதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது. டயர் கடைக்காரனான வெர்ன், வசந்தம் வருவதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டான்: குற்றம் தோட்டாவினுடையது. ஆர்லீன் அந்த முறைதான் முதன்முதலாக, முழுச் செம்பில் செய்த குண்டு வைத்த உயர்ரகத் தோட்டா வாங்கியிருந்தாள். சாதாரணத் தோட்டாவைப் போல இரண்டரை மடங்கு விலை. டப்பாவில் இருபது, மானைச் சுட்டது ஒன்று. மீதிப் பத்தொன்பதுக்கும் காபிக் கடையில் 'மகாராணித் தோட்டா' என்று பெயர் வந்தது.

"அப்பா முப்பது வருஷம் சாதாத் தோட்டாவ வச்சே ஃப்ரீசர நெறச்சாரு. மானு என்ன, டப்பா மேல இருக்கிற விலையப் படிச்சுப் பாத்துட்டா விழுது?" என்று வெர்ன் கேட்டபோது கடையே சிரித்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லீனுக்குக் கேலி புதிதல்ல. தினமும் நாற்பது பிள்ளைகளிடம் வாங்கிக்கொள்வதுதான். அவளால் தாங்க முடியாதது வேறு. அந்த மான் வயிற்றில் குண்டோடு எத்தனை நேரம் நடந்திருக்கும் என்ற கணக்கு அவளை விடவில்லை. இன்னொரு மானைக் காயப்படுத்தி இழந்தால் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது, பிறகு தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அதற்கு முன் ஒன்று தெரிந்தாக வேண்டும்: பிழை தோட்டாவிலா, தன்னிடமா?

ஆகஸ்டில் ஒருநாள் ஊருக்கு வெளியே இருந்த சரளைக் குழிக்குப் போய், இருநூறு கஜத்தில் காகிதக் குறியை நட்டாள். முதலில் சாதாரணத் தோட்டா மூன்று. மூன்றும் நடுவில் விழுந்தன. அடுத்து செம்புக் குண்டு மூன்று. அவையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடும்படி நெருக்கமாகத்தான் விழுந்தன. ஆனால் குறிக்கு நாலு விரல் கீழே, நாலு விரல் வலப்புறம்.

ஆர்லீன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று மான் இடப்பக்கம் பார்த்து நின்றது. அதன் தோளுக்குக் கீழே வலப்புறம் என்றால் வயிறு. தூரமும் முந்நூறு கஜத்துக்கு மேல். போன கோடை முழுக்கச் சாதாரணத் தோட்டாவால் பழகி, அதற்கே துப்பாக்கி மேலிருக்கும் குறிநோக்கியை, ஸ்கோப்பை, சரிசெய்திருந்தாள். விலை கூடியதைக் காகிதத்தில் வீணாக்க மனம் வராமல், நேரே மலைக்கு எடுத்துப் போயிருந்தாள். குண்டு மாறினால் விழும் இடமும் மாறும். தெரியாத விஷயமல்ல. புதுக் குண்டுக்கு ஸ்கோப்பை மாற்றினாயா என்று ஊரில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. எல்லோருமே மாற்றாமல்தான் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஸ்கோப்பின் திருகைத் திருப்பிச் சுட்டாள். மறுபடி திருப்பிச் சுட்டாள். குறியை முந்நூறு கஜத்துக்குத் தள்ளி வைத்தும் சுட்டாள். அந்த வழியாக வந்த வெர்ன் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான்.

"நீ ஒவ்வொரு தடவ விசைய இழுக்கறப்பவும் நாலு டாலர் பறக்குது. காகிதத்தையா வறுத்துத் திங்கப் போற?"

ஆர்லீன் தரையில் கிடந்த வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி எண்ணினாள். செம்புக் குண்டு பதினொன்று காகிதத்தில் செலவாகியிருந்தது. மீதி எட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வேட்டைப் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை, அண்ணனும் தங்கையும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு மேலாடையோடு முகட்டில் படுத்திருந்தார்கள். கீழே புல்வெளியில் பெண் மான்கள் பத்துப் பன்னிரண்டு. அவற்றுக்குப் பின்னாலிருந்து ஆண் வந்தது. கிளைத்த கொம்புகளில் பனி அப்பியிருந்தது. இருநூற்றைம்பது கஜம். ஆனால் மான் பக்கவாட்டில் திரும்பவில்லை. தோள் முன்னால் தெரிய, சாய்வாக அவர்களைப் பார்த்தே நின்றது.

"வேணாம்," என்றான் வெர்ன், மூச்சுக்குள். "தோள் எலும்பு மறைக்குது. திரும்பட்டும்."

அவன் சொன்னது சாதாரணக் குண்டுக்குச் சரி. அந்த எலும்பில் பட்டால் அதன் ஈயம் சிதறிப் போகலாம், நெஞ்சுவரை போகாது. முழுச் செம்பு சிதறாது. காற்றோ திசை மாறிக்கொண்டிருந்தது. ஒரு பெண் மான் ஏற்கெனவே கழுத்தை நீட்டி மோப்பம் பிடித்தது. இன்னும் அரை நிமிடத்தில் மந்தை காட்டுக்குள் போய்விடும். ஆர்லீனுக்குக் குண்டு எங்கே போய் விழும் என்று தெரியும். பதினொன்று செலவழித்துத் தெரிந்துகொண்டது. மூச்சை விட்டாள், விசையை அழுத்தினாள்.

ஆண் மான் முன்காலை மடக்கியது. இருபது தப்படி ஓடியது. பனி தெறிக்க விழுந்தது, பிறகு அசையவில்லை.

இருவரும் இறங்கிப் போனபோது தேட ஒன்றுமில்லை. ஆர்லீன் கையுறையைக் கழற்றி, அதன் சூடான கழுத்தில் சற்று நேரம் கை வைத்திருந்தாள். அப்புறம் வேட்டை அனுமதிச் சீட்டைக் கொம்பில் கட்டினாள்.

தோலை உரிக்கும்போது வெர்னின் கத்தி ஓரிடத்தில் நின்றது. குண்டு தோள் எலும்பை உடைத்து, நெஞ்சைக் கடந்து, மறுபக்கக் கடைசி விலாவைத் தாண்டித் தோலுக்கடியில் வந்து நின்றிருந்தது. அதை நோண்டி எடுத்துப் பனியில் துடைத்தான். முனை நாலு இதழாக விரிந்திருந்தது. ஓர் இதழும் உடையவில்லை. உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தான்.

"பையில இன்னும் ஏழு இருக்குமில்ல?" என்றான் கடைசியில். "என்னோடதும் இதே அளவு துப்பாக்கிதான்."

"இருக்கு. தர மாட்டேன்." ஆர்லீன் குண்டை அவன் கையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "நீ புது டப்பாவா வாங்கு. பாதிய மொதல்ல காகிதத்துல போடு. அதையும் சேத்துதான் இதோட விலை."

வெர்ன் முனகிக்கொண்டே குனிந்து, மானின் பின்தொடையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டான். இருந்ததிலேயே பெரிய துண்டு அதுதான்.

"நட, மகாராணி," என்றான்.

இந்த முறை அது கேலியாகக் கேட்கவில்லை. ஆர்லீன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.