அச்சில் வந்த தண்ணீர்

காலிப் பெட்டிதான், ஆனாலும் வாசலில் மாட்டிக்கொண்டது.

“சாய்ச்சு வாங்குடா.”

“இன்னும் எவ்வளவு சாய்க்கிறது? நெட்டைக்கு அளவெடுத்த பெட்டி. உயிரோட இருந்தப்பவே இந்த வாசல்ல குனிஞ்சுதான் நுழைவான்.”

யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். எல்லோரும் தானியக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள். செத்துப்போன நெட்டையின் அண்ணன் முன்னால் வந்து தோளைக் கொடுத்தார். மூட்டையைத் திருப்புவதுபோல் இடுப்பை ஒரு வெட்டு வெட்டித் திருப்பினார். பெட்டி உள்ளே வந்துவிட்டது.

“வாத்தியார் கை வெச்சா நுழையாததும் நுழையும்” என்றான் குட்டை.

வாத்தியார் என்பது கேலிப் பெயர். நாற்பத்தைந்து வயதுக்குமேல், மூட்டையில் அச்சடித்திருக்கும் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படிக்கப் பழகியவர். “எங்க அண்ணன் சாக்குப்பை காலேஜ்ல படிச்சவர்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் தம்பி நெட்டைதான். இப்போது முன்னறையில் படுத்திருந்தான். இழுத்து இழுத்து மூடியும் கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தம்பி மனைவி ஒரு பத்திரிகையை அவரிடம் நீட்டினாள்.

“அத்தான், அவரைப் பத்தி இதுல வந்திருக்காம். வாசிங்க.”

“அப்புறமா வாசிக்கலாம்மா. ஆளுங்க காத்திருக்காங்க.”

“அப்புறம்னா மூடிடுவாங்க. அவர் இங்க இருக்கும்போதே வாசிங்க.”

வாத்தியார் தரையில் உட்கார்ந்து தாளை விரித்தார். மேலே பெரிய எழுத்து. ‘கிடங்கில் ஷெல் வீச்சு: ஏழு பேர் பலி.’ கீழே தம்பியின் படம்.

எழுதியவள் நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்த பெண். செருப்பெல்லாம் புழுதி. அவளும் தூங்கி ரொம்ப நாளானது போலத்தான் இருந்தாள். “ஏழு பேருன்னு மட்டும் போட்டா யாரும் நின்னு படிக்க மாட்டாங்கண்ணே. இந்த மாசம் பூரா தினம் அஞ்சு, பதினொண்ணுன்னுதான் வருது. ஒருத்தரைப் பத்தியாவது சொல்லுங்க” என்றாள். வாத்தியாரின் சட்டை முழுக்க ரத்தம். அதைப் பார்த்துவிட்டு அவளாகவே கேட்டாள், “உங்க மடியிலதான் உயிர் போச்சா?”

அவர் தலையாட்டினார்.

“கடைசியா ஏதாவது சொன்னாரா?”

தலை ஆடியபிறகு வாய் சும்மா இருக்குமா? “தண்ணி கேட்டான். குடுத்தேன்.”

கேட்டது உண்மை. முதல் ஷெல் விழுந்ததும் வாத்தியாரும் குட்டையும் மூட்டை அடுக்குக்கு நடுவில் புகுந்துகொண்டார்கள். தம்பி முற்றத்தில், லாரி சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தான். இருபது எட்டு தூரம் இருக்கும். “அண்ணே, தண்ணி” என்றான். அண்ணனும் தம்பியும் பொதுவாகக் குடிக்கும் கேன் வாத்தியாரின் முழங்காலை ஒட்டித்தான் இருந்தது. “அண்ணே” என்று மறுபடி கூப்பிட்டான். வாத்தியார் முகத்தைச் சாக்கில் அழுத்திக்கொண்டார். கண்ணுக்கு நேரே எழுத்து. ‘ஈரம் படாமல் வைக்கவும்.’ அதைப் படித்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். குரல் நின்றபிறகு, ஷெல் சத்தமும் நின்றபிறகு, எழுந்து போய்த் தூக்கினார். சட்டையில் ரத்தம் பட்டது அப்போதுதான்.

“சத்தமா வாசிங்க அத்தான்.”

எழுத்துக்கூட்டி வாசித்தார். வேலை, வயது, கலகலப்பானவர் என்று போட்டிருந்தது. மூன்றாம் பத்திக்கு வந்ததும் குரல் தேய்ந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாண்டிப் போய்விடலாம் என்று கண் அடுத்த பத்திக்கு ஓடியது.

“தண்ணியைப் பத்தி வந்திருக்காமே, பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க. அது எங்க?”

“வருதும்மா.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “தாகம்... என்ற தம்பிக்கு, அண்ணன்... தன் கையாலேயே தண்ணீர்... பு... புகட்டினார்.”

புகட்டினார். அவர் சொன்னது ‘குடுத்தேன்’ என்றுதான்.

“முழுங்கினாரா அத்தான்?”

பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார். சுவரோரம் குட்டை, மூடி அடிக்க வைத்திருந்த ஆணிகளை உள்ளங்கையில் வைத்து எண்ணுவதுபோல் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் இன்னும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுங்கினான்மா.”

நேற்றிலிருந்து விறைத்துப்போயிருந்த அவள் தோள் அப்போதுதான் இறங்கியது. கணவன் பக்கம் திரும்பி, போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டாள். “தாகத்தோட போகல” என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

தம்பியைத் தூக்கிப் பெட்டியில் வைத்தபோது குட்டை காதோரம் வந்தான்.

“நான் வாயைத் திறக்க மாட்டேன் வாத்தியாரே. நானும் அங்கதானே இருந்தேன்.”

“அந்தப் பக்கம் பிடி” என்றார் வாத்தியார்.

மூடியை அடித்து முடித்து நிமிர்ந்தபோது, தம்பி மனைவி ஒரு டம்ளரோடு அவர்முன் நின்றாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

“அவ்வளவும் வாசிச்சீங்க. தொண்டை காஞ்சிருக்கும். குடிங்க அத்தான்.”

விளிம்பு வரைக்கும் தண்ணீர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கீழே வைக்கலாமென்று குனிந்தார். தரையில் பத்திரிகை, தம்பியின் படம் தெரிய, விரித்தபடியே கிடந்தது. நிமிர்ந்துவிட்டார்.

வாசலில் பெட்டி மறுபடி மாட்டிக்கொண்டது.

“வாத்தியாரே, சாய்க்கணும். ஒரு கை குடுங்க.”

அவர் நகரவில்லை.

“வாத்தியாரே!”

டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.